அண்ணி மாடிப்படி ஏறிய நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றாம் ஆண்டு. மழை ஓய்ந்து, காலையில் போர்வையை விலக்கவே மனம் வராத குளிர்காலம். அண்ணன், தான் மணந்துகொள்ளப்போகும் பெண்ணை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துவந்தான். வந்தவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, கையில் கொடுத்த காப்பி ஆறிப்போகும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் தங்கை அந்த ஆண்டுதான் நகரப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்திருந்தாள். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்குக் கண்டக்டர் என்றே பெயர். பின்படியில் நின்று முன்படிவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரலில் அவள் கேட்டாள்.

"எங்க வீடு பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

அந்தப் பெண் வாயைத் திறந்தார், மூடினார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் கோப்பையைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் போய், "வாயத் தொறந்தா முத்தா கொட்டிடும்? சரியான ஊமைக்கோட்டான்" என்று முணுமுணுத்தாள். கண்டக்டரோ, இவளுக்கு ராங்கி என்று மனத்துக்குள் முடிவுகட்டிவிட்டாள்.

சில நாட்கள் கழித்து, அலுவலக நேரத்துப் பேருந்து நெரிசலில், ஆட்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு அந்தப் பெண் அவளருகே வந்து நின்றார்.

"பிடிச்சிருக்கு" என்றார்.

"எங்க எறங்கணும்? எடத்தச் சொல்லுங்க."

"இல்ல, அன்னைக்குக் கேட்டீங்களே, வீடு பிடிச்சிருக்கான்னு. பிடிச்சிருக்கு. அங்கேயே சொன்னா ஒப்புக்குச் சொல்றேன்னு நினைச்சுடுவீங்களோன்னுதான்..."

கண்டக்டருக்கு விசில் ஊதவே மறந்துவிட்டது. "என்னம்மா, விசில முழுங்கிட்டியா?" என்று முன்னாலிருந்து ஓட்டுநர் கத்தினார். அண்ணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அண்ணி ஒரு பல் மருத்துவரிடம், பின்னறையில் அமர்ந்து பல்செட் செய்யும் வேலையில் இருந்தார். முன்னறைக்கு வரும் நோயாளிகளை அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. மருத்துவர் எடுத்தனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, அது இறுகியதும் மெழுகின்மேல் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, அந்த முகமறியாத மனிதர் எப்படிச் சிரிப்பார், எந்தப் பக்கம் மெல்லுவார் என்று யோசித்துக்கொண்டேயிருப்பார். ஒருமுறை ஒரு பெரியவருக்கு முன்பல் ஒன்றை வேண்டுமென்றே சற்றுச் சாய்த்து வைத்தார். பெரியவர் கொடுத்திருந்த பழைய புகைப்படத்தில் அந்தப் பல் அப்படித்தான் இருந்தது. "என் வீட்டுக்காரி என்னைப் பார்த்துட்டு, 'அட, நீங்களா!'ன்னா" என்று சொல்லிப் பெரியவர் பின்னறைக்கே வந்து கைகூப்பினார். அண்ணி பதிலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், மெழுகுக் கத்தியை வைத்திருந்த கையாலேயே கும்பிட்டார்.

பல்லுக்கு உதவிய அந்த யோசனை, வீட்டுக்கு வந்தபின் அவரையே மென்று தின்னத் தொடங்கிவிடும். "இப்பல்லாம் கண்ணுலயே பட மாட்டேங்கறீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அண்ணி அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பிரித்துப் பார்ப்பார். திமிர் பிடித்தவள் என்கிறாளா? நான் ஏதாவது கேட்டும் கேட்காதது போலப் போய்விட்டேனா? தொலைபேசியில் ஒருவரை அழைப்பதற்கு முன், என்ன சொல்வது, அவர் என்ன சொல்வார், அதற்கு என்ன சொல்வது என்று அடுப்படியில் நின்று உதடசைத்து ஒத்திகை பார்ப்பார். ஒத்திகை முடிவதற்குள் அழைக்கவேண்டிய நேரம் கடந்திருக்கும். அப்புறம், அழைக்காததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ என்ற புதுக் கவலை தொடங்கும்.

அண்ணனோ குளிர்பதனக் கிடங்கில் கண்காணிப்பாளன். தலையணையைக் கண்டால் அடித்துப்போட்டதுபோலத் தூங்குபவன். தன் மனைவி இப்படி உள்ளுக்குள்ளேயே உருகுவதைப் பார்த்து, அவனுக்குத் தெரிந்த ஒரு வைத்தியத்தை வீட்டில் கொண்டுவந்தான். யார் எதைச் சொன்னாலும் முடிவில் 'அவ்வளவுதான்' என்று சேர்க்கவேண்டும். சொன்னதற்கு மேல் உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

"இன்னைக்குப் பொரியல் கொஞ்சம் தீஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"நான் வர லேட் ஆகும். அவ்வளவுதான்."

வெளியாட்களுக்கு அந்த வீட்டுப் பேச்சு விசித்திரமாக இருந்தது. கண்டக்டர் முதலில் கேலி செய்தாள். பிறகு அவளுக்கே அது தொற்றிக்கொண்டது. "சில்லறை இல்ல. அவ்வளவுதான்" என்று பயணிகளிடமும் சொல்லித் திட்டு வாங்கினாள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அண்ணியின் தோள்கள் சற்றே இறங்கித் தளர்வதை அவள் கவனித்திருந்தாள். அதற்குப்பின் கேலி செய்யவில்லை.

அம்மா காலமானபின் கண்டக்டர் பணிமனைக்கு அருகில், ஒரு தையற்கடைக்கு மேலிருந்த மாடி அறைக்குக் குடிபோனாள். அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. விடுப்பு நாளில் அண்ணி வருவார். கண்டக்டர் வாரம் முழுவதும் பேருந்தில் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள், அண்ணி கேட்டுக்கொண்டிருப்பார். உலகத்தில் அவளுக்கு மிக நெருக்கமானவர் யார் என்று யாராவது கேட்டிருந்தால், கூடப்பிறந்த அண்ணனைச் சொல்லியிருக்கமாட்டாள்.

இருபது ஆண்டுகளுக்குமேல் இப்படி ஓடியபின், ஒரு மழைநாளில் பேருந்துப் படியிலிருந்து வழுக்கி விழுந்து, கண்டக்டருக்குத் தொடையெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் கிடந்தபோது கைபேசியில் அண்ணியின் அழைப்பு வந்தது. உடனே கிளம்பி வருவதாக அவர் சொல்ல, "நீங்க வரவேண்டாம் அண்ணி" என்றாள் கண்டக்டர். அதற்குள் எக்ஸ்ரே எடுக்கும் ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அழைப்பைத் துண்டித்தாள். 'அவ்வளவுதான்' என்று சேர்க்கவில்லை என்பது அவள் நினைவிலேயே இல்லை.

அண்ணி வரவில்லை. அறுவை முடிந்தது; மாடி அறைக்குத் தூக்கிவந்து படுக்கவைத்தார்கள்; அப்போதும் வரவில்லை. அண்ணன் மட்டும் நாள்தோறும் சாப்பாட்டு டப்பாவோடு வந்தான்.

"அண்ணி ஏன்டா வரல?"

"கேட்டேன். யோசிச்சுக்கிட்டிருக்கேங்கறா."

"எதப் பத்தி?"

"அத நான் கேக்கல" என்றான் அண்ணன். கேட்கத் தோன்றாதவன் அவன்.

நூறு பேருக்கு நடுவில் வாழ்ந்து பழகியவள், அசைய முடியாமல் நான்கு சுவருக்குள் கிடந்தாள். பேச ஆளில்லை. எனவே வாழ்வில் முதன்முறையாக அவள் யோசிக்கத் தொடங்கினாள். அண்ணிக்கு என்மேல் என்ன வருத்தம்? போன மாதம் அவருடைய புடவை நிறத்தைப் பற்றிச் சொன்னேனே, அதுவா? என் பேச்சு அவருக்கு இத்தனை ஆண்டுகளும் தொல்லையாகத்தான் இருந்ததா? சாப்பாட்டில் ஒருநாள் உப்புக் கூடியிருந்தது. சரி, இது கோபம் என்று நினைத்தாள். மறுநாள் குறைந்திருந்தது, கோபம்கூட இல்லை, அக்கறையே போய்விட்டது என்று நினைத்தாள். டப்பா மூடியை இறுக்கி மூடியிருந்தால் அதிலும் ஒரு பொருள் தெரிந்தது. மனம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நிறுத்தவேண்டும் என்று நினைத்தால் இன்னும் வேகமாகச் சுற்றியது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்த ஒரு பிற்பகலில், அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அண்ணி இத்தனை ஆண்டுகளாக நாள்தோறும் வாழ்வது இதற்குள்தான். இதைச் சுமந்துகொண்டுதான் அவர் வேலைக்குப் போகிறார், சமைக்கிறார், விருந்தினர் வந்தால் 'வாங்க' என்கிறார். அந்த ஒற்றை 'வாங்க'வுக்கு அவர் என்ன விலை கொடுத்திருப்பார்! ஊமைக்கோட்டான் என்று அம்மா சொன்னபோது தானும் ராங்கி என்று முடிவுகட்டியதை நினைத்து அவளுக்குக் கூசியது.

அழைத்துப் பேசிவிடலாம் என்று கைபேசியை எடுத்தாள். என்ன சொல்வது? உதடுகள் தாமாகவே ஒத்திகை பார்த்தன. கைபேசியைக் கீழே வைத்தாள். இப்படியே போனால் இருவரும் ஆளுக்கொரு மூலையில் யோசித்தே பிரிந்துவிடுவோம் என்று பயந்தாள்.

மறுநாள், அளவுநாடா கழுத்தில் தொங்க, கீழ்க்கடைத் தையற்காரர் நலம் விசாரிக்க மேலே வந்தார்.

"உங்க அண்ணிக்கு எங்கிட்ட ஏதாவது தைக்கக் குடுக்கணுமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"தெனம் எதிர்ப்பக்கம் வந்து நிக்கறாங்க. மேல பாக்கறாங்க. போயிடறாங்க. கடைக்குள்ள வரச் சங்கடப்படறாங்களோன்னு பாத்தேன். இப்பக்கூட நிக்கறாங்க."

அவர் இறங்கிப்போனபின், கண்டக்டர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து, நல்ல காலை மட்டும் ஊன்றி ஜன்னலுக்கு நகர்ந்தாள். எதிரே ஒரு மருந்துக்கடையின் நிழலில் அண்ணி நின்றிருந்தார். கைப்பையை இரு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கண்டக்டரின் தொண்டைவரை குரல் வந்துவிட்டது. இந்தத் தெருவென்ன, அடுத்த தெருவுக்கே கேட்கும் குரல் அது. 'அண்ணி, மேல வாங்க!' என்று ஒரு கூப்பாடு போட்டால் முடிந்தது. ஆனால் அவள் போடவில்லை. சில நாட்களுக்கு முன்பென்றால் போட்டிருப்பாள். இப்போது அவளுக்குத் தெரிந்தது: அங்கே அவர் ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்; தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டால் அடுக்கியது முழுவதும் சரிந்துவிடும். ஜன்னல் திரையை நழுவவிட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். பேசாமலிருப்பதைவிடக் கடினமான வேலையை அவள் அதுவரை செய்ததில்லை.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மரப்படிகளில் காலடி ஓசை கேட்டது. நடுவில் நின்றது. திரும்பி இறங்குகிறதோ என்று கண்டக்டர் மூச்சை அடக்கினாள். மீண்டும் மேலே வந்தது.

அண்ணி வாசற்படியிலேயே நின்றார். முகம் வியர்த்திருந்தது. எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், ஒரே மூச்சில் சொன்னார்.

"வரவேண்டாம்னு சொன்னியே. அது அலைச்சல் வேண்டாம்னு சொன்னதா, நான் வேண்டாம்னு சொன்னதா?"

பிறந்ததிலிருந்து எவரிடமும் நேருக்கு நேர் கேட்டிராத ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தார்.

"ஐயோ அண்ணி! அலைச்சல் வேண்டாம்னுதான் சொன்னேன். அதுக்குள்ள எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டாங்க, போனை வெச்சுட்டேன். அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!"

அண்ணி அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லமுடியாதபடி அவர் தோள்கள் குலுங்கின. கண்டக்டருக்கும் கண்ணில் நீர் தளும்பியது. இருந்தும் மனத்தில் இருந்ததைக் கேட்காமல் விடமுடியவில்லை.

"அதுக்காக உப்புலயா அண்ணி கோபத்தக் காட்டுவீங்க?"

"எந்த உப்பு?"

"தெனம் குடுத்தனுப்பினீங்களே சாப்பாடு."

"நான் எங்க சமைச்சேன்? நான்தான் வேலை முடிஞ்சா இங்க வந்து நின்னுடறேனே. உங்கண்ணன்தான் சமைக்கறார்."

"அந்தத் தடியன் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ கேட்டியா?" என்றார் அண்ணி. கேட்டபின் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கீழே தையல் இயந்திரத்தின் சத்தம்கூடச் சற்று நின்று தொடர்ந்தது.

அன்றோடு அண்ணி மாறிவிட்டார் என்று சொல்வது பொய்யாகும். யோசனைகள் முன்போலவே வந்தன. வயதாக வயதாகக் கூடவும் செய்தன. ஆனால் அவை ஒரு சுற்று சுற்றி முடிந்ததும், எழுந்துபோய் உரியவரிடமே கேட்டுவிடுவது என்ற ஒரு பழக்கத்தை அவர் தமக்குத் தாமே பிடிவாதமாக உண்டாக்கிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் உதடசைத்து ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு முறையும் கேட்டார்.

"டாக்டர், காலைல கதவை அறைஞ்சு சாத்துனீங்களே. நான் பண்ணின செட்டுல ஏதாவது குறையா?"

"காத்து அடிச்சுச்சும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆமா, இதுக்காகவா முழுநாளும் முகத்தத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

"முழுநாள் இல்ல டாக்டர். மத்தியானம்வரைக்கும்தான்" என்றார் அண்ணி, சிறிது பெருமையோடு. முன்பானால் அது மாதக்கணக்கில் ஓடியிருக்கும். அந்தப் பெருமை நியாயமானது என்பதைக் கண்டக்டர் மட்டுமே முழுமையாக அறிவாள். துணிச்சலுக்குப் பேர்போனவர்கள் என்று தான் பேருந்தில் கண்ட எவரையும்விட, ஒரு சின்னக் கேள்வியைச் சுமந்துகொண்டு அடுத்த அறைக்கு நடந்த அந்த மனுஷியையே அவள் பெரிதாக மதித்தாள்.

ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் அண்ணிக்கு இதயம் பலவீனப்பட்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேள்வி கேட்டார்கள்: எப்படி இருக்கு, சாப்பிட்டாச்சா, தூக்கம் வருதா? ஒவ்வொன்றுக்கும் தகுந்த பதிலைத் தேடித்தேடி அவர் களைத்துப்போனார். கடைசி நாள் பிற்பகலில் அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். கட்டிலருகே கண்டக்டர் மட்டும் இருந்தாள். அத்தனை பேசுகிறவள் அன்று, எதைச் சொன்னால் அண்ணிக்கு வலிக்காது என்று எண்ணியெண்ணி, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அண்ணி கண்ணைத் திறந்து அவளைச் சற்றுநேரம் பார்த்தார். இம்முறை ஒத்திகை இல்லை. உதடுகள் முன்கூட்டி அசையவில்லை.

"என்ன யோசனை? வழக்கம்போல ஏதாவது பேசிக்கிட்டே இரு. நான் பதில் சொல்லமாட்டேன். எனக்குக் கேட்டுக்கிட்டே தூங்கணும்."