தோட்டப் பள்ளியில் வெடிச் சத்தம்

ஒரு வகுப்பு முழுவதையும் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுக்க வைத்த வீரன் நான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மலேசியாவில் பத்து காஜா அருகே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் சம்பளமில்லாமல் தமிழ் கற்பிக்க மதுரையிலிருந்து போயிருந்தேன். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் மாரியம்மா அக்கா வீட்டில் தங்கினேன். அந்தப் பக்கத்துக் காடுகளில் துப்பாக்கியோடு ஆட்கள் திரிகிறார்கள் என்று கப்பலிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதல் வாரம், வெயில் கொளுத்திய ஒரு முற்பகலில் வெளியே 'டப்' என்றது. பிறகு நாலா பக்கமும் அதே சத்தம். தகரக் கூரையில் ஏதோ படபடவென்று விழுந்தது. "எல்லாரும் படுங்க!" என்று கத்திக்கொண்டே கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் மறுபேச்சின்றிப் படுத்தார்கள். ஒரு முகத்திலும் பயமில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் துணிச்சலை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா கதவைத் தட்டினார்.

"சீக்கிரம் உள்ள வாங்கக்கா, சுடுறாங்க!"

"யாரு சுடுறா? ரப்பர் காய் வெடிக்குது லா, சார். வெளிய வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். சரிவு முழுவதும் மர உச்சிகளில் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. புள்ளி போட்ட வழவழப்பான கொட்டைகள் வெயிலில் மின்னியபடி வெகுதூரம் பறந்தன. மனிதக் கை படாமல் ஒரு காடு தன்னைத்தானே விதைத்துக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் புது ஊரில் எந்தச் சத்தம் கேட்டாலும், முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் தேநீரை நீட்டியபடி அக்கா கேட்டார்: "புள்ளைங்க கேக்குதுங்க சார், நாளைக்கும் படுத்துக்கிட்டுதான் பாடமா?"