முப்பது எறும்புகள்

இந்த மடிக்கணினியின் திரையில், இடது ஓரத்தில், மயிரிழை அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு உண்டு. அரை மணி நேரம் ஓடிச் சூடேறினால் தெரியும், ஆறவிட்டால் மறையும். மூடியின் மேல் ஒட்டிய வெள்ளைச் சீட்டு பழுப்பேறிவிட்டது. அதில் 'பழுதின் காரணம்' என்ற இடத்தில் என் கையெழுத்தில் 'எறும்பு' என்று இருக்கிறது. அது பொய். எழுதியபோதே பொய் என்று எனக்குத் தெரியும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சுமந்தது போதும் என்று தோன்றுகிறது.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் ஒரு மடிக்கணினிக் கம்பெனியின் பழுதுபார்ப்பு நிலையத்தை நடத்திவந்தேன். வீட்டு உபயோகத்துக்கென்று அவர்கள் விட்ட வரிசையில் மூன்று மாடல்கள். திரையின் அங்குலத்தைச் சொல்லித்தான் அவற்றை அழைப்போம். பதினாலுக்குக் கீல் உடையும். மூடியைத் திறக்கும்போதே திரையின் விளிம்பு பிளந்துகொள்ளும். பதினேழுக்கு பேட்டரி உப்பி, விரல் தேய்க்கும் பலகையை மேலே தூக்கும். பதினைந்துதான் மோசம். படத்தைத் திரைக்கு அனுப்பும் சிப், சூட்டில் ஈயப் பற்று விட்டு எழும்பிவிடும். முதலில் கோடுகள், பிறகு இருட்டு. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை அனலாக அடிக்கும் சித்திரை மாதத்தில் பதினைந்துகள் வரிசையாக வந்து சேரும். கம்பெனிக்கு இது தெரியும். அந்தச் சிப் உட்கார்ந்திருக்கும் போர்டை இலவசமாக மாற்றிக் கொடுங்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் ரகசியமாகச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். உள்ளே நீரோ பூச்சியோ புகுந்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அந்த மாதம் நான் ஏற்கெனவே இரண்டு போர்டு கேட்டிருந்தேன். சென்னையிலிருந்து அதிகாரி போன் செய்தார். "இன்னா சார், செஞ்சியில மட்டும் இவ்ளோ போர்டு போவுது? இன்னொண்ணு கேட்டீங்கன்னா சென்டரயே மூடிடலாம்."

அந்த வாரம்தான் டீச்சரம்மா வந்தார். மேல்சித்தாமூர் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நோய்த்தொற்றுக்காகப் பள்ளிகளை மூடிவைத்திருந்த காலம் அது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு இந்த மடிக்கணினி வழியாகத்தான் பாடம் எடுத்துவந்தார். ஈரிழைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தருவதுபோல் என் கையில் கொடுத்தார்.

"சார், ஸ்கிரீன் இருட்டாயிடுச்சி. உள்ள எறும்பு போறதயும் பாத்தேன். காத்து கீத்து அடிச்சிடாதீங்க. மெதுவாத் தொறந்து வெச்சீங்கன்னா அதுங்களே போயிடும்."

அவர் போனபின் திறந்தேன். மூன்று எறும்புகள் இருந்தன, மூன்றும் உயிரோடு. வெளிச்சம் பட்டதும் வெளியேறி, மேசை விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து ஜன்னல் பக்கம் போயின. போர்டில் ஒரு கறைகூட இல்லை. சிப்பை விரலால் அழுத்தினேன், திரையில் படம் வந்தது. விரலை எடுத்தேன், இருண்டது. மின்னணுவியல் படித்தவனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். சீட்டை எடுத்து 'எறும்பு' என்று எழுதினேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் வந்தார். எறும்பு புகுந்து போர்டு போய்விட்டது என்றேன். இலவசமாகக் கிடைக்காதா என்றோ, வேறு வழி உண்டா என்றோ கேட்பார் என்று எதிர்பார்த்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"எத்தன சார் செத்துச்சி?" என்றார்.

அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பொய் நம்பும்படியாக இருக்கவேண்டுமே என்று, "இருவது, முப்பது இருக்கும்மா" என்றேன்.

அவர் கணினியின் பக்கம் குனிந்து பார்த்தார். "பாடம் எடுக்கசொல்ல பொரிவிளங்கா உருண்ட ஒண்ணு பக்கத்துலயே வெச்சிருப்பேன் சார். தூள் விழுந்திருக்கும். என் வாய்ருசிக்கு அதுங்க செத்துடுச்சி." மடிக்கணினியை எடுத்துப்போக மறுத்துவிட்டார். துண்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது நாள் கழித்து அவருடைய தம்பி வந்தார். மணிலாக் கடலை வியாபாரி, வாய்த்துடுக்கு உள்ளவர். வண்டியின் இன்ஜினை அணைக்காமலே கேட்டார்: "சார், கரெக்டா சொல்லுங்க. இருவதா, முப்பதா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க அக்கா கொசு கடிச்சாக்கூட கொசுகிட்ட மன்னிப்பு கேக்குற ஆளு. ஒரு எறும்புக்கு ஒரு நாள்னு ஒருவேள சோறு துண்ணுது. இன்னிக்கி பத்தொம்பது. நீங்க இருவதுன்னு சொல்லிட்டீங்கன்னா நாளையோட முடிஞ்சிடும். சர்க்கர ஒடம்பு சார் அது."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒன்றுகூடச் சாகவில்லை என்ற ஒரு வாக்கியம் போதும், அன்று மாலையே அந்த அம்மாள் வயிறாரச் சாப்பிட்டிருப்பார். நானோ மேலே பார்த்து யோசிப்பதுபோல் பாவனை செய்து, "இருவதுதாங்க" என்றேன். பத்து நாள் குறைத்துக் கொடுத்த தயாளன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. முதல் பொய் சென்னை அதிகாரிக்குப் பயந்து சொன்னது. இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

டீச்சரம்மா குறைப்பை ஏற்கவில்லை. சந்தேகம் என்றால் பெரிய எண்ணைத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இருபத்தாறாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து பிழைத்து வந்தார். பாடம் எடுப்பதைக் கணினியை விட்டுப்போன நாளோடே நிறுத்திவிட்டிருந்தார். அந்த ஒன்பது பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கத் துணிவில்லை.

நிலையத்தை மூடியபிறகு இந்தக் கணினி என்னோடு வீட்டுக்கு வந்தது. சிப்பின் மேல் சூடு காட்டி உட்காரவைத்தேன். சில மாதம் ஓடும், மறுபடி இருளும், மறுபடி சூடு காட்டுவேன். போன மாதம் இதைப் பையில் போட்டுக்கொண்டு மேல்சித்தாமூர் பஸ் ஏறினேன். டீச்சரம்மா மெலிந்திருந்தார், என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, சீட்டு, தம்பியிடம் சொன்ன இருபது, எதையும் விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப ஒண்ணுகூட சாவலயா?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

"இல்லம்மா. மூணுதான் இருந்துச்சு. மூணும் போயிடுச்சு."

"எந்தப் பக்கம் போச்சி?"

"ஜன்னல் பக்கம்."

தலையை ஆட்டிக்கொண்டார். கணினியை நீட்டினேன். "வேணாம் சார். நம்பிக்க இல்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிஷினச் சொன்னேன்" என்றார். பிறகு வெளியே வானத்தைப் பார்த்தார். "பொழுது எறங்கறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்ட்டுடுங்க. பொழுது சாஞ்சா நாங்க சாப்புடறதில்ல, அப்புறம் எங்க வூட்ல எதுவும் கெடைக்காது."

சாப்பிட்டேன். தலை நிமிரவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து மோர் ஊற்றினார். தான் பட்டினி கிடந்த நாட்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூன்றும் பிழைத்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன், கேட்காமலே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் கணினியில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சீட்டை உரிக்கவில்லை. 'எறும்பு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். திரை சூடேறிவிட்டது, இடது ஓரத்தில் பச்சைக் கோடு வந்துவிட்டது.