சத்தக்காவின் விரல் நுனி

சத்தக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஊட்டச்சத்து படிப்பதால்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவள் கட்சி. வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கிறதே, அதனால்தான் என்பது மற்ற எல்லாருடைய கட்சி. யாரும் அவளிடம் போய் இதைத் தெளிவுபடுத்தவில்லை. எதற்கு வம்பு?

படிக்கப் போவதற்கு முன் அவள் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் வேலை பார்த்தாள். மைக் கெட்டுப்போன நாட்களிலும் அங்கே அறிவிப்பு நின்றதில்லை. அவள் தொண்டை இருந்தது. அந்த வேலையை விட்டதற்கும் வாய்தான் காரணம். தங்கைக்குக் குழந்தை எடை குறைந்து பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள், பிள்ளை ஏன் இப்படிச் சுண்டைக்காய் மாதிரி இருக்கிறது, வயிற்றில் இருந்தபோது தாய் என்ன சாப்பிட்டிருக்க வேண்டும், அதை யார் சொல்லியிருக்க வேண்டும், ஏன் சொல்லவில்லை என்று நர்ஸின் பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இவ்வளவு கேக்கறீங்களே, பேசாம போய் இதையே படிங்களேன்!"

வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கிப் போயிருப்பார்கள். சத்தக்கா அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டே, நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், பொதுச் சுகாதார ஊட்டச்சத்து வகுப்பின் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் படித்ததில் முதலில் அவதிப்பட்டது வீடு. வீட்டுக்காரர் தையல்காரர், முன்னறைதான் கடை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள், இடுப்பளவு இவ்வளவு இருக்கலாமா என்ற அறிவுரையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் இரண்டு பேர் வேறு கடைக்கே போய்விட்டார்கள். தையல்காரர் பிஸ்கட் பொட்டலத்தை நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கப் பழகினார். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அம்மா, இத இப்படியே முழுங்கலாமா, இல்ல மனப்பாடம் பண்ணணுமா?" என்று கேட்டாள்.

இத்தனை பேர் தட்டை எட்டிப் பார்த்தவள் தன் தட்டைப் பார்த்ததில்லை. பார்க்க அவளுக்குத் தட்டு என்று ஒன்று இருந்தால்தானே! காலையில் எல்லாருக்கும் போட்டு முடித்ததும், ஒரு கையில் டீ, இன்னொரு கையில் செருப்பு என்று வாசலில் நிற்பாள். கல்லூரி வாசலில் இன்னொரு டீ. மதியம் பசிக்கிற மாதிரி இருந்தால் அதை அமுக்க மூன்றாவது டீ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பை கனம் என்று சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் ஆண்டில் களப்பணி வந்தது. பலமாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்துக்குப் பின்னால், வெளியூர்களிலிருந்து வந்த கட்டட வேலைக் குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தசோகை என்று சுகாதார நிலையம் சொன்னது. "பேசுங்க. ஆனா அத விட அதிகமா கேளுங்க" என்று சொல்லிப் பேராசிரியை அனுப்பி வைத்தார். அதில் முதல் வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு சத்தக்கா கிளம்பினாள்.

படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி அவள் நடத்திய பாடத்தை, கொட்டகைப் பெண்கள் மட்டுமல்ல, ஆறாவது மாடியில் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரும் கேட்டார். கீரை, முட்டை, பருப்பு, தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. பெண்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பூரித்துப் போய் வீடு திரும்பினாள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அவள் கொடுத்துவிட்டு வந்த மாத்திரை அட்டைகள் தகரச் சுவரில் சொருகியது சொருகியபடி இருந்தன. ஒரே ஒருத்தியின் அட்டை மட்டும் காலியாக இருந்தது. கம்பி கட்டுகிற வேலை செய்பவள் அவள். எல்லாரும் கம்பிக்காரி என்பார்கள். சத்தக்கா அவளை அப்படியே கட்டிக்கொள்ளப் போனாள்.

"நான் எங்க சாப்ட்டேன் மேடம்? எனக்கு அது வயித்தப் பிரட்டுது" என்றாள் கம்பிக்காரி. பழைய பெயின்ட் வாளியில் நின்ற ரோஜாச் செடியைக் காட்டினாள். "அதுக்குப் பொடிச்சுப் போட்டேன். சத்துன்னு சொன்னீங்கல்ல?"

செடி பூத்துக் குலுங்கியது. சத்தக்காவுக்கு அன்று பேச்சு வரவில்லை. தெருவில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்தம் பார்க்கும் கருவியோடு வந்தாள். பெண்கள் கூடினார்கள், ஆனால் விரலை நீட்ட ஒருத்தியும் முன்வரவில்லை. காலையிலிருந்து இரும்புக் கம்பியோடு மல்லுக்கட்டும் கைகள், குண்டூசி அளவு ஊசியைப் பார்த்ததும் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"வலிக்காதுன்னு சொல்றீங்கல்ல, முதல்ல நீங்க குத்திக்கோங்க" என்றாள் கம்பிக்காரி.

"இவ்வளவுதானே! பாத்துக்கோங்க எல்லாரும்!" சத்தக்கா மந்திரவாதி மாதிரி விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் கருவியைப் பார்த்தாள். அதைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். "இன்னொரு விரலக் குடுங்க" என்றாள். இரண்டாவது விரலும் அதையேதான் சொன்னது. ஒன்பதுக்கும் கீழே.

"எவ்வளவு இருக்கணும்?" யாரோ கேட்டார்கள்.

"பன்னெண்டுக்குக் குறையக் கூடாது" என்றாள் நர்ஸ். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு கம்பிக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு வரிசையாகத் தொற்றிக்கொண்டு கடைசிக் கொட்டகை வரை போனது. சத்தக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று கீழே பார்த்தாள். அஸ்திவாரம் பலமாகப் போட்டிருந்தார்கள்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பிக்காரி கேட்டாள்: "காலைல என்ன சாப்ட்டீங்க?"

"டீ."

"அப்புறம்?"

"அப்புறம்... இன்னொரு டீ."

"அய்யோ அக்கா!" மேடம் போய் அக்கா வந்தது அப்போதுதான். "உக்காருங்க முதல்ல." ஒரு சிமென்ட் மூட்டை இழுத்துப் போடப்பட்டது. யாரோ தட்டு கழுவினார்கள். ஒருத்தி சோறும் பருப்பும் போட்டாள், இன்னொருத்தி அவித்த முட்டையை உரித்து வைத்தாள். சுற்றி நின்று, அவள் தின்று முடிக்கும் வரை பார்த்தார்கள். தனக்கு முன்னால் தன் மகள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பது சத்தக்காவுக்கு அன்று புரிந்தது. அதன் பிறகு எல்லாப் பெண்களும் விரலை நீட்டினார்கள். ஒவ்வொரு எண்ணையும் அவள் எண்ணோடு ஒப்பிட்டு, ஜெயித்தவர்கள் கைதட்டிக்கொண்டார்கள்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"உன் சட்டைய ரெண்டு தரம் பிடிச்சுத் தச்சேன். தொளதொளன்னு ஆயிட்டே வந்துச்சு."

"அத ஏங்க சொல்லல?"

"நீ ஏதோ டயட்ல இருக்கேன்னு நெனச்சேன்மா. கேட்டா அதுக்கும் ஒரு பாடம் எடுப்ப."

"நல்லா நெனச்சீங்க போங்க!" என்று கத்தினாள். கத்தி முடிந்ததும் மூச்சு வாங்கியது. அவர் எழுந்து போய், நூல்கண்டுப் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவளிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். இரும்புச்சத்து துளியும் இல்லாத அந்தப் பொருளை அவள் மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றாள்.

அதிலிருந்து கொட்டகைக்குப் போகும் நாட்களில் அட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டதால்தான் பிரட்டுகிறது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. புதிதாகப் போட ஆரம்பித்தவர்களும் கையோடு டீ குடித்துவிடுகிறார்கள்; டீ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. பாடப் புத்தகத்தில் அவள் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் டீ டம்ளர் வைத்து வட்டக் கறை உண்டாக்கிய வரி அது. எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாப்பிட்டதும் மாத்திரை, கூட எலுமிச்சைத் தண்ணீர். டீ நன்றாக நேரம் கழித்துத்தான்.

கொட்டகைகளுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த டீக்கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். "என் பொழப்புல மண்ணப் போடறீங்களே!" என்று குதித்தார். சத்தக்கா குதிக்கவில்லை, அவருடைய கடையிலேயே அவித்த முட்டையும் எலுமிச்சைத் தண்ணீரும் வைக்கச் சொன்னாள். முட்டை மதியத்துக்குள் தீர்ந்துபோனதும் மனிதர் கட்சி மாறினார். மாறினவர் சும்மா இருந்தாரா? சாப்பிட்ட உடனே யாராவது பெண் வந்து டீ கேட்டால், "மாத்திர போட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று அதட்ட ஆரம்பித்தார். சத்தக்காவுக்கே ஒருநாள் டீ மறுக்கப்பட்டது.

சில மாதங்கள் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது எல்லாருக்கும் ஏறியிருந்தது, சத்தக்காவுக்குக்கூடக் கொஞ்சம். கம்பிக்காரிக்கு மட்டும் முன்பைவிட இறங்கியிருந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

"ரோஜாவுக்கா போடற?" என்று கேட்டாள் சத்தக்கா.

"சத்தியமா இல்லக்கா. நானேதான் முழுங்கறேன்."

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு, இருவரும் செங்கல் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கம்பிக்காரி வெகுநேரம் காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, மாதாமாதம் ரத்தம் நிற்காமல் போவதையும், ஆண்கள் நிறைந்த இடத்தில் அதை யாரிடம் சொல்வது என்று ஒரு வருஷமாக முழுங்கிக்கொண்டு இருப்பதையும் சொன்னாள். சத்தக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியபோது, பக்கத்தில் இருந்தவளுக்கே குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"நாளைக்குக் காலைல நான் வரேன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கருப்பையில் கட்டி இருந்தது. நல்லவேளை, மோசமான வகை இல்லை. ரத்தம் ஏற்றி, அதற்குப் பிறகு அறுவை செய்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தையல்காரர் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினார். இரண்டு பேருக்கும் போதுமா என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார்.

கட்டடம் முடிந்து கண்ணாடி மாட்டியதும் கொட்டகைகள் கழற்றப்பட்டன. கம்பிக்காரி லாரியில் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொன்னதால், அடுத்த இடத்தில் வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் அவளை வைப்பதாக மேஸ்திரி ஒப்புக்கொண்டிருந்தார். அவர் ஒப்புக்கொள்ளும் வரை சத்தக்கா அவர் காதுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சத்தக்கா பரீட்சையில் தேறிவிட்டாள், முதல் வகுப்புக்கு ஒரு நூலிழை கீழே. சுகாதார நிலையத்தில் வேலையும் கிடைத்தது. இப்போது அவளை அனுப்பியிருப்பது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் பெண்களிடம். அவர்கள் நின்றபடியே வேலை செய்கிறார்கள், நின்றபடியே தின்கிறார்கள். முதல் நாள் போனபோது, அவர்களில் மூத்தவள் ஐஸ் கட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"இன்னும் தெரியல" என்றாள் சத்தக்கா. "நான் எங்க நின்னா உங்களுக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கும்?"