சிவப்புக் கோடு போட்ட மரம்

பார்படோஸ் கடற்கரைக் கடையொன்றில் பொரித்த மீனுக்குக் காத்திருக்கிறோம். மரத்தடியில் கிடந்த பச்சைப் பழமொன்றைக் கடித்த மகள், தொண்டை எரிகிறது என்கிறாள். கடைக்காரப் பெண் ஓடிவந்து பழத்தைப் பிடுங்கி எறிகிறார்.

“நஞ்சு. மரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா?”

“பார்த்துத்தான் வந்தோம். எங்கள் ஊர் ஒஸ்லோக் காட்டில் மரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது பாதை.”

“இங்கே அது ஆஸ்பத்திரிக்குப் பாதை” என்கிறார்.

தொலைபேசியில் மருத்துவரிடம் கேட்கிறார். மகளால் விழுங்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறாராம். பால் கொடுக்கிறோம். ஒவ்வொரு மிடறாக இறங்குகிறது. நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, “அப்பா, மீன் எங்கை?” என்கிறாள்.

அவள் தன் மீனையும் என் மீனையும் சாப்பிடுகிறாள். எனக்கு இன்னும் தண்ணீர்கூட இறங்கவில்லை.