புற்றுநோய் என்று எண்ணிய செல்கள்

எண்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேபில் டாக்டராக இருந்தேன். மேல்மலையில் பூண்டு பயிரிடும் விவசாயி ஒருவர் தங்கையோடு வந்தார். அந்தத் தங்கை கொடுத்த சிறுநீரகத்தை முந்தைய வருடம்தான் சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குப் பொருத்தியிருந்தார்கள். உடம்பு அதை ஒதுக்கிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்கிவந்தார். இப்போது சிறுநீர் லேசாகச் சிவந்திருந்தது.

சிறுநீரை மெஷினில் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தேன். செல்களின் உட்கரு பெருத்து, மை அப்பினாற்போல் கறுத்திருந்தது. எங்கள் சர்ஜனும் குனிந்து பார்த்தார்.

"கேன்சர்தான். மதுரைக்கு அனுப்பிடலாம்."

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் மனம் ஒப்பவில்லை. புற்றுநோய் செல்லின் உட்கரு கரடுமுரடாக, விளிம்பு கோணலாக இருக்கும். இவையோ வழுவழுவென்று உருண்டை. உள்ளே ஆவி படிந்த கண்ணாடியின் மங்கல். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை ஒரு வைரஸ் இப்படித் தாக்கும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை.

"நாளைக்கு இன்னொரு சாம்பிள் பார்த்துடறேன் சார்."

வராந்தாவில் தங்கை எழுந்து நின்றாள். "டாக்டரம்மா, நான் குடுத்தது கெட்டுப்போச்சுங்களா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. ஒரு நாள் பொறுங்க."

மறுநாள் சாம்பிளிலும் அதே செல்கள். சிலவற்றில் உட்கருவின் நடுவே அடர்ந்த ஒரு திட்டு, அதைச் சுற்றி வெளிர் வளையம். வைரஸ் புகுந்த செல்லின் அடையாளம் என்று படித்தது இதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரங்கால் போட்டேன்.

"வைரஸா? நிச்சயமாச் சொல்றீங்களா?" என்றார் அங்கிருந்த சிறுநீரக டாக்டர்.

"நிச்சயமாச் சொல்றேன்."

ஸ்லைடுகளோடு அண்ணனும் தங்கையும் பஸ் ஏறினார்கள். அங்கே சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை. ஸ்லைடைப் பார்த்தவர்களும் வைரஸ்தான் என்றார்கள். உடம்பே வைரஸை எதிர்க்கட்டும் என்று மாத்திரையின் அளவைக் கவனமாகக் குறைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அவர் திரும்ப வந்தபோது சிறுநீர் தெளிந்திருந்தது. ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடினேன். அந்தக் கறுத்த செல் ஒன்றுகூட இல்லை. சர்ஜன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா? வெதப்பூண்டு நடுற சோலி கெடக்கு," என்று அவசரப்பட்டார் விவசாயி.

"வெரசாப் போங்க!" என்று சிரித்தேன். அவர்கள் வாசலைத் தாண்டியதும் லேப் கதவைச் சாத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் இரண்டு குதி குதித்தேன்.