பதாகையில் ஏழாவது முகம்

அந்தக் கோடையைப் பற்றி எங்கள் பகுதியில் மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவற்றுள் ஒன்றை, நான் அங்கிருந்தவன் என்று அறியாமலேயே, பட்டாபிராம் நிலையத்தில் ரயிலுக்கு நின்ற ஒருவர் என்னிடம் விவரித்தார். கேட்டு முடித்ததும் எனக்கு ஒரு வரம்பு தேவை என்று தோன்றியது. என் கண்ணால் கண்டவை, என் காதால் கேட்டவை, என் கையில் தாளாக இருப்பவை ஆகிய மூன்றும் அல்லாத எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஊகத்தை நம்பிச் செய்யும் திருத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிவேன். பெயர்களையும் தவிர்க்கிறேன். ஒரு பெயரை நான் பிழையின்றி அச்சேற்றியதே இந்த நிகழ்ச்சிக்குக் காரணம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்களுக்கு நாற்பது நாள் கோடை வகுப்பு நடத்துவது என்று குடியிருப்போர் சிலர் முடிவு செய்தோம். சமுதாயக் கூடத்தின் மாடி எங்களுக்குக் கிடைத்தது. கீழ்த்தளத்தில் மகளிர் குழுவினர் தையல் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பின் நோக்கம் தெளிவானது: வந்தவர்களைக் கோடை முடிவதற்குள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுவது. கணிதத்தை ஒரு தோழி ஏற்றார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அடுக்ககத்தில் குடியிருப்பவர், கணினி நிறுவன ஊழியர். விண்ணப்பம் எழுதுவது, படிவம் நிரப்புவது, நேர்முகத்தில் பேசுவது ஆகியவை என் பொறுப்பு. இறுதிவரை நிலைத்தவர்கள் ஒன்பது பேர்.

அவர்களுள் ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. மூன்றாண்டுகளாக அண்ணன் வீட்டில் அவனுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். முதல் வாரம் அவள் பேசவே இல்லை. இரண்டாம் வாரம், கூடத்தின் மின்விசிறி தள்ளாடுவதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இது ஃபேன் இல்ல, ஊஞ்சல்" என்றாள். மறுநாள் நான் வருவதற்குள் விசிறி சீராகச் சுழன்றுகொண்டிருந்தது. மேசைமேல் நாற்காலி போட்டு ஏறித் திருகாணிகளை இறுக்கியிருந்தாள். அடிபட்டிருந்தால் என்ன ஆவது என்று கடிந்துகொண்டேன்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுதான் சார் ஏறினேன். சாவறதுக்கு இன்னும் டைம் கீது."

மற்றவர்கள் சிரித்தார்கள். மின்பணியாளர் பிரிவில் சேர வேண்டும் என்று அன்று மாலை படிவத்தில் எழுதினாள். வேறு எந்தப் பிரிவையும் இரண்டாம் விருப்பமாகக் குறிக்க மறுத்தாள். தோழியின் கைபேசி வழியாகவே விண்ணப்பத்தை அனுப்பினோம். அதன் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. கலந்தாய்வு நாளில் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் மூலப்படியாகவே காட்டப்பட வேண்டும். அவை வீட்டில் அண்ணியின் சேலைகளுக்கு அடியில், பெட்டியில் இருப்பதாகச் சொன்னாள். "அன்னிக்குக் காலைல எடுத்தாந்துருவேன் சார்." முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். "அன்னிக்குப் போதும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பதாகை இல்லாமல் காதுகுத்துகூட நடப்பதில்லை. பூப்பு நீராட்டானாலும் பதினாறாம் நாள் காரியமானாலும் முச்சந்தியில் முகங்கள் ஏறிவிடும். நிறைவு விழாவுக்கும் பதாகை வேண்டும் என்று குடியிருப்போர் சொன்னார்கள். தோழி அந்த வாரம் தன் ஊர்க் கோயிலின் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார். ஆகவே அச்சிடும் கடைக்கு நான் போனேன்.

கடைக்காரர் திரையில் ஏற்கெனவே ஒன்றை வடிவமைத்து வைத்திருந்தார். பட்டமளிப்புத் தொப்பியை வானில் எறியும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

"இவர்கள் யார்?" என்று கேட்டேன்.

"நெட்ல எடுத்தது சார். எல்லாரும் இதான் போடறாங்க."

"நம் வகுப்பில் படித்தவர்களின் முகங்கள்தாம் வேண்டும்."

"நம்ம பசங்க மூஞ்சில எங்க சார் சிரிப்பு? ஆதார் கார்டு மாதிரி வரும், பாத்துக்க."

வேடிக்கைக்காகத்தான் சொன்னார். நான் இசையவில்லை. ஒன்பது முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் முழுப்பெயர், அதன் கீழ் அவர் சேரவிருக்கும் பயிற்சிப் பிரிவு என்று எழுதிக் கொடுத்தேன். இல்லாதவர்களின் சிரிப்பைக் காட்டி உழைத்தவர்களை மறைப்பது பொய் என்றும் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பினார்.

மறுநாள் கூடத்தில் படமெடுத்தோம். அவள் முறை வந்ததும், "என்னோடது வாணாம் சார்" என்றாள்.

"ஏன்?"

"மூஞ்சி நல்லால்ல."

"எங்க மூஞ்சி மட்டும் இன்னா, ஹீரோயின் மூஞ்சியா?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு முகம் குறைந்தால் பதாகை உண்மையாகாது என்றும், நாற்பது நாள் வந்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். அவள் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். "முகம் தெரியட்டும்" என்றேன். துப்பட்டாவைத் தோளுக்கு இறக்கினாள். படக்கருவியை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ரயில் நிலையத்துக்குப் போகும் சாலை பிரியும் இடத்தில் பதாகை ஏறியது. இரண்டாம் வரிசையில் அவள் ஏழாவது முகம். பெயரில் பிழை இல்லை. கீழே, மின்பணியாளர் என்று இருந்தது. கலந்தாய்வு அடுத்த புதன்கிழமை.

ஞாயிறு காலை நாங்கள் விழாவுக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் மாடியேறி வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளன் என்று பிறகு அவனே சொன்னான். கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் எங்கள் பதாகை இருந்தது.

"இன்னா சார் இது? எங்கூட்டுப் பொண்ண ரோட்ல மாட்டி வச்சிக்கீறீங்க?"

அமரச் சொன்னேன். அமரவில்லை.

"கீழ தையல் கத்துக்கினு கீறான்னு நான் நெனச்சிகினு கீறேன். கம்பெனில குரூப்ல போட்டுட்டான் சார் ஒருத்தன். 'மாமே, உன் தங்கச்சி போஸ்ட் ஏறப்போறாளாமே, எங்க தெருவுல லைட்டு எரியல, வரச்சொல்லு'ன்றான். நான் எங்க போய் மூஞ்சிய வச்சிக்கிறது?"

பெண்களும் அந்தப் பயிற்சியில் சேருகிறார்கள் என்பதையும், கட்டணம் இல்லை என்பதையும், முடித்தால் கிடைக்கக்கூடிய பணிகளையும் வரிசையாக எடுத்துரைத்தேன். அவன் முழுவதையும் கேட்டான்.

"நல்லா பேசறீங்க சார். டிவில நியூஸ் படிக்கிற மாதிரி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளிடம் கேட்டேன்."

"அவ இன்னா சொன்னா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் எனக்கு இருந்தன. ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது.

"படம் வேண்டாம் என்றாள்."

அவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கோபம் தணிந்து, களைப்பு மட்டும் எஞ்சியது போன்ற முகம். "அப்புறம் இன்னா சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனான்.

அவளை நாங்கள் எவரும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஏணியோடு முச்சந்திக்குப் போனேன். பதாகையை இறக்கிவிடுவதே நோக்கம். அங்கே ஏழாவது முகம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு துளை இருந்தது. அதன் வழியே பின்னாலிருந்த மருந்துக்கடையின் சுவர் தெரிந்தது. ஓரங்கள் கிழிந்திருக்கவில்லை, கூரிய அலகால், அவசரமின்றி அறுக்கப்பட்டிருந்தன. பெயரும் பிரிவும் முகத்தோடு போயிருந்தன. மற்ற எட்டு முகங்களின்மீது ஒரு கீறலும் இல்லை. எதிரே இளநீர் விற்றவரிடம் விசாரித்தேன். "நான் கட போடறப்பவே அப்டித்தான் கீது" என்றார்.

விழா நடந்தது. எட்டுப் பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம்.

அன்று மாலை தோழி ஊரிலிருந்து திரும்பினார். நடந்ததைச் சொன்னதும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தையல் வகுப்பு என்று வீட்டில் சொல்லித்தான் அவள் வந்துகொண்டிருந்தாள் என்பது இரண்டாம் வாரத்திலிருந்தே அவருக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவதான் வேண்டாம்னா. அண்ணன் வந்து கேட்டா, சார் உள்ளதைச் சொல்லிருவாருன்னு பயந்தா."

 

திங்களன்று இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். அண்ணி கதவைப் பாதி திறந்தாள். "அவ இல்லக்கா. ஊருக்குப் போயிருக்கா" என்று தோழியிடம் சொன்னாள். எந்த ஊர் என்பதற்கு, "ஊருதான்" என்றாள். சான்றிதழ்களையாவது கொடுத்தனுப்புமாறு கேட்டோம். கதவு மூடிக்கொண்டது. உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டது. யாரோ அதைச் சமாதானப்படுத்தினார்கள். அண்ணி கதவருகே நின்றிருந்தாளா, உள்ளே போயிருந்தாளா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. தோழி அது எங்கள் மாணவியின் குரல்தான் என்கிறார். எனக்குத் தெரியாது.

புதன்கிழமை கலந்தாய்வு நடந்த இடத்துக்கு அவளுடைய விண்ணப்ப நகலுடன் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். பெற்றோரோடு வந்தவர்கள் வேப்பமரத்து நிழலில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாயிற்கதவை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு அவள் பெயரை அழைத்தார்கள். இரண்டாம் முறையும் அழைத்தார்கள். எழுந்து சென்று நகலைக் காட்டினேன். அலுவலர் கனிவானவர்தான். "மூலச் சான்றிதழ் இல்லாமலும், ஆளே வராமலும் நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்" என்றார். மூன்றாவதாக அழைத்தது அடுத்தவரின் பெயரை. நீலச் சட்டை அணிந்த ஓர் இளைஞன் ஓடிவந்தான். மின்பணியாளர் பிரிவில் அந்த இடம் அவனுக்குக் கிடைத்தது. அவன் தாய் அழுதுவிட்டார்.

அந்த மாத இறுதியில் அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. பிறகு வேறொரு குடும்பம் குடிவந்தது. தெருவில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள் என்றேன். அவற்றை நான் விசாரித்துப் பார்த்தேன். எதற்கும் நேரில் கண்ட சாட்சி இல்லை. எனவே மூன்றையும் இங்கே எழுதவில்லை.

பதாகையைச் சுருட்டிக் கூடத்தின் பரணில் போட்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் காவலாளி அதை எடுத்துத் தன் மிதிவண்டிமீது போர்த்தியிருந்தார். துளை இருந்த இடத்தில் வேறொரு விழாவின் பதாகைத் துண்டை வைத்து ஒட்டியிருந்தார். மின்விசிறி இன்றும் தள்ளாடாமல் சுழல்கிறது. இந்தக் கோடையிலும் வகுப்பு நடந்தது. பதாகை வைக்கவில்லை.

தெரியாதவை இவை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பது தெரியவில்லை. அவளுடைய சான்றிதழ்கள் யாரிடம் உள்ளன என்பது தெரியவில்லை. துப்பட்டாவை இறக்கியபோது அவள் இசைந்துதான் நின்றாளா, என்னை மறுக்க முடியாமல் நின்றாளா என்பது தெரியவில்லை. அந்தச் சதுரத்தை அறுத்தெடுத்தவர் அண்ணனா, வேறொருவரா, அவளேயா என்பதும் தெரியவில்லை.