யாரும் வந்து சேராத வண்டி

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லோரி ஓட்டினார். நான் முப்பது வருஷம் கதவு திறந்தேன். எங்கள் குடித்தனத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் ஒரு வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. லோரியைக் கம்பெனியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில்தான் வருவார். சந்து முனையில் அது திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் எத்தனையோ மோட்டார்கள் உண்டு, அவையெல்லாம் என் காதில் ஏறாது. எங்கள் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. சற்று மேலே தூக்கி, அப்புறம் இழுக்க வேண்டும். அவர் ஹாரன் அடிப்பதற்குள் நான் தூக்கி இழுத்திருப்பேன்.

"வந்துட்டீங்களா?" என்பேன். "ம்" என்பார். தென்கோடி ஜோகூர் வரைக்கும் போய் வந்தாலும் "ம்"தான். யானை நடமாடுகிற கிரிக் மலைச் சாலையில் மழையில் மாட்டிக்கொண்டு, நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுது முடித்த பிறகு வந்து சேர்ந்தாலும் "ம்"தான். நாலு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தண்ணி கலக்கப் போவேன். எங்கள் பக்கம் தேத்தண்ணி, காப்பி, மைலோ எதுவானாலும் தண்ணி கலக்குவதுதான்.

புறப்படும்போதும் அதே கஞ்சத்தனம். "வர்றேன்" என்பார், "வாங்க" என்பேன். ஒரு தடவை அவசரத்தில் "போறேன்" என்றுவிட்டார். காலில் சப்பாத்து போட்டுக் கிளம்பிவிட்ட மனுஷனைத் திரும்ப உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, ஒழுங்காகச் சொல்லவைத்த பிறகுதான் கேட்டைத் திறந்தேன். கம்பெனிக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும். அவர் வீட்டு ஆளா மலை ஏறப் போகிறது?

ஓய்வு பெற்றதும் மனுஷன் வீட்டில் அடங்குவார் என்று நினைத்தேன். கொஞ்ச காலம் அடங்கினார். பிறகு ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது சொன்னார். "எல்லா ஊரையும் தாண்டித்தான் போயிருக்கேன். ஒரு ஊர்லயும் எறங்கிப் பாத்ததில்லமா."

ஒரு பழைய வேனை வாங்கினார். பட்டறையில் கொடுத்துக் கட்டில், சிங்க், ஒற்றை அடுப்பு, கூரையில் சூரியத் தகடு எல்லாம் வைத்தார். ஊருக்கெல்லாம் கேரவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டோம். கோலாலம்பூரில் இருக்கும் மகள், இப்போதுதான் உங்களுக்கு ஹனிமூன் என்று போனில் கேலி செய்தாள். வெளியே முறைத்தாலும் உள்ளூர எனக்கும் அந்த நினைப்புதான். அவருக்கு ஊர் பார்க்க ஆசை, எனக்கு அவரைப் பார்க்க ஆசை.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டிய இடத்தில் வேறு எதைப் பார்ப்பது?

வண்டியை எடுப்பதற்கு முன் எல்லா அலமாரியையும் பூட்ட வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேமரன் மலை ஏறுகிற அன்று நான் ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு வளைவில் அஞ்சறைப்பெட்டி பறந்தது. மஞ்சள்தூள் கட்டிலில், தலையணையில், திரைச்சீலையில், அவருடைய பின்கழுத்தில் எல்லாம் அப்பிக்கொண்டது. நிறுத்த இடமில்லாத மலைப்பாதை. நலுங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி தும்மிக்கொண்டே உச்சி வரைக்கும் ஓட்டினார். அந்தக் கட்டில் விரிப்பை இன்றைக்கும் எந்தச் சோப்பாலும் வெளுக்க முடியவில்லை.

உள்ளே தாளித்தால் மறுநாள் வரைக்கும் தலையணையில் கடுகு மணக்கும் என்று தெரிந்ததும் அடுப்பை வெளியே எடுத்துவந்தேன். வெளியே காற்று. தீ ஒரு பக்கம் சாய, நான் முந்தானையை விரித்துக்கொண்டு மறு பக்கம் நிற்பேன். அரை வாளித் தண்ணீரில் தலைக்குக் குளிக்கப் பழகினேன். எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கழிவறை சுத்தமாக இருக்கும், எந்தக் கடற்கரையில் இரவு தங்கினால் யாரும் எழுப்பமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாலை அவருடைய வீடு. அதில் நான் நேற்று வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் மாதிரி, எதை எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டு நடந்துகொண்டேன்.

சந்தோஷம் இல்லாமல் இல்லை. செராத்திங் கடலோரத்தில் ஒரு காலையில் அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எனக்குப் பழக்கமானது தூக்கத்துக்கு ஏங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற முகம். இந்தச் சிரிப்பு இத்தனை வருஷமும் எந்த ஊரில் இருந்தது என்று கேட்கத் தோன்றியது.

ஆனால் சாயங்காலம் வந்தால் எனக்கு ஒன்றும் ஓடாது. எந்த ஊரில் நிறுத்தியிருந்தாலும் சரி, தூரத்தில் ஒரு மோட்டார் திரும்புகிற சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். பக்கத்து நாற்காலியிலேயே அவர் கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று உட்காருவேன்.

வீட்டு ஏக்கம் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாழ்ப்பாளை நினைத்தாலே கை குறுகுறுக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களோ இல்லையோ என்று படுத்துக்கொண்டே யோசிப்பேன். வண்டியில் நாங்கள் சேர்ந்தே போகிறோம், சேர்ந்தே வருகிறோம். யாரும் யாரிடமும் "வர்றேன்" என்று சொல்வதில்லை. கூடவே இருக்கிற மனுஷனிடம் வந்துட்டீங்களா என்று எப்படிக் கேட்பது?

போன மழைக்காலத்தில் பினாங்குக்கு வந்தோம். தீவில் ஜெலுத்தோங் பக்கம், மீனவர் படகுகள் நிற்கிற கடலோரமாக வண்டியை நிறுத்தினார். எதிர்க்கரையில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அதற்குப் பின்னால்தான் என் வீடு. சாயங்காலமானால் நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். அவர் கவனித்தாரா இல்லையா, கேட்டதில்லை.

அங்கே இருக்கும்போதுதான் வாடகைக்கு இருந்த பெண் போன் செய்தாள். வீட்டை வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறார்களாம். போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். "ஒன் வீடும்மா. நீ சொல்றதுதான்" என்றார். பிறகு ஒரு துணியை எடுத்து வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியாதா? விற்றுவிட்டால் இந்த வண்டிதான் வீடு, திரும்பிப் போக இடம் கிடையாது. விற்கவில்லையென்றால் நாங்கள் என்றைக்காவது வீடு திரும்புவோம், வண்டி வாசலில் நின்று துருப்பிடிக்கும், ஜன்னலிலிருந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் தெரிந்துதான் விற்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். எனக்கு என் வீடு வேண்டும். அந்தப் பெண்ணிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்வது முறையில்லை, நேரில் போவதென்று கிளம்பினேன்.

அவரும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அந்த வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்தால் அவர் உருகிவிடுவார். தவிர, அக்கரைக்குப் போகிற புது ஃபெரிகளில் கார், வேன் ஏற்றுவதில்லை. நான் மட்டும் பஸ் பிடித்துத் துறைக்குப் போய் நடந்தே ஏறிக்கொள்கிறேன் என்றேன்.

வண்டியிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பி "வர்றேன்" என்றேன். அது என் வாயிலிருந்து வருவது எனக்கே புதிதாக இருந்தது. அவர் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஓகே லா" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "வான்னு சொல்லணும்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "வா" என்றார்.

அந்தப் பெண் என்னை நன்றாகத்தான் வரவேற்றாள். "வாங்க ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் வீட்டில் நான் விருந்தாளியாக உட்கார்ந்தேன். திரைச்சீலை புதிது. கறிவேப்பிலை என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது. உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கியது. புருஷனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, இன்னும் வரவில்லை என்றாள். அடுப்படிச் சுவரைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன்.

பாதிப் பேச்சில் எழுந்தாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் வாசலுக்குப் போய், தாழ்ப்பாளைச் சற்று மேலே தூக்கி, அப்புறம் இழுத்தாள். அதற்குப் பிறகுதான் சந்து முனையில் மோட்டார் திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீடு எனக்குத் திரும்பக் கிடைத்தால் என்ன ஆகும்? அவர் உள்ளே, எனக்குப் பக்கத்தில், சோபாவில் உட்கார்ந்திருப்பார். சந்து முனையில் யாரும் திரும்பமாட்டார்கள். நான் ஏங்கியது தாழ்ப்பாளுக்கும் கறிவேப்பிலைக்கும் இல்லை. அவர் வருவதற்கு ஏங்கினேன். இந்த மனுஷன் வேலையை விட்டு என்னோடு வீட்டில் இருக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் வேண்டியிருப்பேன். வேண்டியது கிடைத்துவிட்டது. இப்போது எனக்கு வேண்டியிருப்பது அப்படி வேண்டிக்கொண்டிருந்த நாட்கள். அதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

வீட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "தாழ்ப்பாள மட்டும் மாத்தாதம்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று "வர்றேன்" என்றேன். "வாங்க ஆன்ட்டி" என்றாள்.

ஃபெரியில் திரும்பி வந்ததும் நேராக வண்டிக்குப் போக மனம் வரவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரைக்கும் நடந்து, ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தேன். பசியே இல்லை. ஆனாலும் சோறு வாங்கிக் குழம்பைக் கலந்து ஊற்றச் சொன்னேன். குழம்புச் சோற்றுக்கு முன்னால் அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கடைத் தம்பி மட்டும் ஐஸ் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காரம் கூடவா அக்கா?" என்றார். ஆமாம் என்றேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. போன் எப்போதோ அணைந்திருந்தது. அவர் ஒன்றும் கவலைப்படுகிற ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவருக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன்.

பஸ் தவழ்ந்து வந்து ஜெலுத்தோங்கில் இறக்கிவிடும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வண்டியின் கதவு அகலத் திறந்து கிடந்தது. சாரல் உள்ளே கட்டில் வரைக்கும் அடித்திருந்தது. படியில் அவர் நின்றிருந்தார். ஒரு தூசி தங்கவிடாமல் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிற மனுஷன், கட்டில் நனைவதுகூடத் தெரியாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் செருப்பில்லாமல் மழையில் இறங்கி வந்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

முப்பது வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான். என்னை யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பின்னால், சிங்க்குக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றில் மைலோ ஆறி ஆடை கட்டியிருந்தது. இன்னொன்றில் ஆவி பறந்தது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வீட்டைக் கொடுத்துவிட்டது, அந்தப் பெண் தாழ்ப்பாளைத் தூக்கியது, கடையில் உட்கார்ந்து அழுதது, எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது.

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை வருஷம் இந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன். வந்து நிற்கிறவர்களுக்குத் தொண்டையில் அதற்கு மேல் இடமிருக்காது என்று ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.